முதுகு என்ன பேரிங்கா, தேய்ஞ்சு போக?



மெஷின் டிசைன் படிச்சவங்களுக்கு இது பழகின விஷயம். ஒரு பேரிங்குக்கு ஆயுள் உண்டு. எத்தனை லட்சம் சுற்று தாங்கும்னு கணக்குப் போட ஃபார்முலா இருக்கு. லோடு கூடினா ஆயுள் குறையும், லோடு குறைஞ்சா ஆயுள் கூடும். மெக்கானிக்கல் படிக்காதவங்களுக்கும் செருப்பும் டயரும் இதே பாடத்தைத்தான் சொல்லித் தந்திருக்கு. பயன்படுத்தினா தேயும், பத்திரமா வெச்சா நிக்கும்.

இதே கணக்கைத்தான் நாம முதுகுக்கும் போடறோம். வீட்ல யாருக்காவது முதுகுவலின்னா முதல்ல வர்ற வார்த்தையே "தேய்மானம்". "எலும்பு தேய்ஞ்சிருக்கு", "டிஸ்க் தேய்ஞ்சிருக்கு", "ஜவ்வு விலகிடுச்சு". தேயற பொருள்னு முடிவு பண்ணிட்டா அடுத்த அறிவுரை தானா வந்துடும்: குனியாத, தூக்காத, நடக்காத, படுத்துக்கோ.

மாசக்கணக்கா நீடிக்கிற முதுகுவலியில இந்தக் கணக்கு ஏன் தப்பா போகுது, அதுக்குப் பதிலா என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்களுக்கு வலி இருந்தா உங்களுக்காகப் படிங்க. இல்லைன்னா வீட்ல இருக்கிற அம்மாவுக்காகவோ அப்பாவுக்காகவோ படிங்க. ரெண்டுமே இல்லைன்னா ரூம்மேட்டுக்காகப் படிங்க. மூணுல ஒருத்தர் கண்டிப்பா மாட்டுவாங்க.

முதல்ல, எவ்வளவு பெரிய பிரச்சினை?

2020-ஆம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 2050-க்குள் இது 84.3 கோடியை எட்டும் என்பது மதிப்பீடு. மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களின் உலகப் பட்டியலில் முதலிடம் கீழ்முதுகு வலிக்குத்தான். சர்க்கரை நோய்கூட அதுக்குப் பின்னாடிதான்.

வலி மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா அதை நாள்பட்ட வலின்னு சொல்றாங்க. கீழ்முதுகு வலியோட வர்றவங்கள்ல சுமார் 90 சதவீதம் பேருக்கு "இந்த எலும்பு, இந்த நரம்பு, இதுதான் காரணம்"னு ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட முடியறதில்ல. வலி பொய்னு இதுக்கு அர்த்தம் இல்ல. வலி நிஜம். ஆனா உடைஞ்ச பாகத்தைக் கண்டுபிடிச்சு மாத்தற வேலை இது இல்ல. தசை, நரம்பு, தூக்கம், மன அழுத்தம், பயம், நாம ஒரு நாளை எப்படிக் கழிக்கிறோம் என்கிற பழக்கம், எல்லாம் சேர்ந்த ஒரு சிஸ்டம் இது.

உடற்பயிற்சி வேற, உட்கார்ந்தே இருக்கிறது வேற

இந்த ரெண்டையும் நாம ஒண்ணா நினைச்சுக்கறோம். ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியாத்தான் அளக்கறாங்க.

உடல் எரிக்கிற சக்தியை மெட் என்கிற அளவுல சொல்வாங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகறது 1 மெட். விழிச்சிருக்கிற நேரத்துல உட்கார்ந்தோ, சாய்ஞ்சோ, படுத்தோ 1.5 மெட் அல்லது அதுக்குக் கீழ செலவு பண்ற நேரம் எல்லாம் "அசையா நேரம்". வேகமா நடக்கறது மாதிரி 3 மெட்டுக்கு மேல போறது மிதமான உடற்பயிற்சி.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி செய்ய வேண்டும். வாரம் ரெண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். இதோட சேர்த்து, அசையா நேரத்தைக் குறைக்கணும்னும் தனியா சொல்லியிருக்காங்க.

ஏன் தனியா? ஒரு கணக்குப் போடுங்க. வாரத்துக்கு 10,080 நிமிடம். அதுல 150 நிமிடம்னா ஒன்றரை சதவீதம். காலைல ஜிம் போயிட்டு வர்றவர்கூட மீதி நேரம் முழுக்க நாற்காலியில் இருக்கலாம்.

நம்ம ஒரு நாளைப் பாருங்க. காலேஜ் பஸ் போக வர ரெண்டு மணி நேரம். வகுப்பு ஆறு மணி நேரம். சாப்பாடு ஒரு மணி நேரம். வீட்லயோ ஹாஸ்டல்லயோ லேப்டாப் முன்னாடி மூணு மணி நேரம். படுத்துக்கிட்டு மொபைல் ஒரு மணி நேரம். மொத்தம் பதிமூணு. ஏழு மணி நேரம் தூங்கறீங்கன்னு வெச்சா, விழிச்சிருக்கிற பதினேழு மணி நேரத்துல நிக்கறதுக்கும் நடக்கறதுக்கும் மிச்சம் நாலு மணி நேரம். பிளேஸ்மென்ட் சீசன்ல அதுவும் இல்ல.

அப்போ நாற்காலிதான் வில்லனா?

அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது. உட்காருறதுதான் முதுகுவலியை உண்டாக்குதுன்னு ஆய்வுகள் உறுதியா நிரூபிக்கல.

இங்கே ஒரு சுவாரசியமான அளவீடு இருக்கு. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர், முதுகெலும்பு டிஸ்க்குக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கத் தொடங்கினார். நிற்கும்போது இருப்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்பது அவர் கண்ட முடிவு. பல வருஷம் பாடப்புத்தகங்கள் இதையே சொல்லிச்சு. 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் நவீன சென்சாரை ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் பொருத்தி, சுமார் 24 மணி நேரம் அளந்தார்கள். குப்புறப் படுக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. முதுகைச் சாய்க்காம உட்காரும்போது 0.46. அதாவது நிக்கறதுக்கும் உட்காருறதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. ஒரே ஆள்கிட்ட எடுத்த அளவுதான், ஆனாலும் "உட்கார்ந்தாலே டிஸ்க் நசுங்கும்" என்கிற பயத்துக்கு இது நல்ல பதில்.

அதே ஆய்வில் இன்னொரு எண்: ராத்திரி தூங்கும்போது அழுத்தம் 0.1-இலிருந்து 0.24 வரை மெதுவா ஏறுச்சு. காரணம், லோடு இல்லாத நேரத்துல டிஸ்க் தண்ணியை உறிஞ்சிக்குது. பகல்ல லோடுல அதை வெளியே விடுது. அதனாலதான் சாயங்காலம் நம்ம உயரம் காலையில இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல குறையுது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச க்ரீப் ஞாபகம் இருக்கா? அதேதான், தினமும் உங்க முதுகுல நடக்குது.

வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்கு உள்ளே ரத்தக்குழாய் கிட்டத்தட்ட கிடையாது. அதுக்கு வேண்டிய சத்து பக்கத்து எலும்பிலிருந்து ஊடுருவித்தான் வந்து சேரணும். லோடு ஏறி இறங்கும்போது தண்ணி உள்ளே வெளியே போய் வருது. ஒரே மாதிரி உட்கார்ந்தாலும் சரி, ஒரே மாதிரி நின்னாலும் சரி, இந்தப் போக்குவரத்து மந்தமாகுது.

அதனால "நிமிர்ந்து உட்காரு"ன்னு சொல்றதைவிட "மாத்தி உட்காரு"ன்னு சொல்றது உபயோகமானது. நிமிர்ந்து, சாய்ஞ்சு, கொஞ்சம் கூன் போட்டு, சம்மணம் போட்டு, எல்லாமே ஓகே. ஒண்ணுலயே ரெண்டு மணி நேரம் இருக்கிறதுதான் ஓகே இல்ல.

ஓய்வு மருந்தா? மூணு சோதனைகள்

முதுகுவலிக்காரர்களை ஒரு வாரம், ரெண்டு வாரம் படுக்க வைக்கறது ஒரு காலத்துல வழக்கமான சிகிச்சை. அதை யாரோ சோதிச்சுப் பார்த்தாங்க.

1986-இல் அமெரிக்காவில் டெயோ குழுவினர், புதுசா முதுகுவலியோடு வந்த 203 பேரில் ஒரு பகுதியினருக்கு ஏழு நாள் படுக்கை ஓய்வு, இன்னொரு பகுதியினருக்கு ரெண்டு நாள் ஓய்வு என்று சொல்லி அனுப்பினார்கள். ரெண்டு நாள் குழு வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. மத்தபடி குணமாவதில் ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

1995-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்து இன்னொரு சோதனை. ஒரு குழுவுக்கு ரெண்டு நாள் முழு ஓய்வு. ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி. மூணாவது குழுவுக்கு, "வலி அனுமதிக்கிற வரைக்கும் வழக்கமான வேலையைப் பாருங்க" என்பது மட்டும். சீக்கிரம் தேறினது மூணாவது குழு. ரொம்ப மெதுவா தேறினது படுத்தவங்க. கவனிங்க, வலி வந்த புதுசுல தனியா பயிற்சிகூடத் தேவைப்படல. அன்றாட வாழ்க்கையை விடாம இருந்ததே போதுமானதா இருந்துச்சு.

மூணாவது சோதனை முதுகுவலி பத்தினது இல்ல, ஆனா நம்ம வயசைப் பத்தினது. 1966-இல் டல்லஸில் இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூணு வாரம் படுக்கையில் வைத்தார்கள். உடல் அதிகபட்சமா ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது வருஷம் கழிச்சு அதே ஐந்து பேரைத் திரும்பச் சோதித்தபோது, முப்பது வருஷ வயசு ஏற்றம் செய்த சேதத்தைவிட அந்த மூணு வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்னு தெரிஞ்சுது.

பயம் எப்படி லூப் ஆகுது

என் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன், சிவில். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். மூணாவது வருஷம் ஷட்டில் விளையாடும்போது முதுகு பிடிச்சுக்கிச்சு. ஸ்கேன் எடுத்தாங்க. "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், தேய்மான மாற்றங்கள்"னு ரிப்போர்ட். இருபது வயசுல தேய்மானமான்னு அவங்க வீடே பதறிடுச்சு. பெல்ட் வாங்கிக் கொடுத்தாங்க. ஷட்டில் நின்னுச்சு. அப்புறம் படிக்கட்டு நின்னுச்சு, லிஃப்ட் மட்டும்தான். டிபார்ட்மென்ட் விழாவுல பெஞ்ச் நகர்த்தும்போது ஓரமா நின்னு, "டேய், எனக்குத் தூக்கக் கூடாதுடா"ன்னு சொல்வான். வலி மட்டும் போகல, பத்து மாசம் ஆச்சு. இந்த வருஷம் அவனுக்குப் பிடிச்ச கம்பெனியில சைட் இன்ஜினியர் வேலை கிடைச்சுது. ஆஃபர் லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு, "வேணாம்னு சொல்லிடலாமா? நாள் முழுக்க சைட்ல நடக்கணும், என் முதுகு தாங்காது"ன்னு கேட்டான்.

இருபத்தொரு வயசுல ஒருத்தன் தனக்குப் பிடிச்ச வேலையை விடறதா வேணாமான்னு யோசிக்கறான். அதுக்குக் காரணம் ரிப்போர்ட்ல இருந்த ஒரு வார்த்தை.

அந்த வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு? 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசியது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. ஐம்பது வயதில் இது 80, 60 சதவீதம். எண்பது வயதில் 96, 84 சதவீதம். அறுபது பேர் இருக்கிற நம்ம வகுப்புல எல்லாரையும் ஸ்கேன் எடுத்தா, எந்த வலியும் இல்லாத பதினெட்டு பேருக்கு "பல்ஜ்"னு ரிப்போர்ட் வரலாம். தலைமுடி நரைக்கறதை யாரும் "முடி தேய்மானம்"னு சொல்றதில்ல. இதுல பெரும்பகுதி அந்த மாதிரிதான்.

2000-இல் விலேயன், லின்டன் என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இந்தப் பயத்தின் பாதையை ஒரு மாடலாகத் தொகுத்தார்கள். வலி வருது. "ஏதோ உடையுது"ன்னு மனசு பயங்கரமா கற்பனை பண்ணுது. அசைவைத் தவிர்க்கறோம். தவிர்க்கத் தவிர்க்க தசை பலவீனமாகுது, மனசு சோர்ந்து போகுது. அப்புறம் சின்ன வேலைக்கே வலிக்குது. "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு பயம் இன்னும் கூடுது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் பெயர் தெரியும்: பாசிட்டிவ் ஃபீட்பேக். வெளியே இருந்து யாராவது லூப்பை உடைக்கலைன்னா அது தானா நிக்காது.

பேரிங்குக்கும் எலும்புக்கும் உள்ள வித்தியாசம்

பேரிங் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்காது. எலும்பு பண்ணிக்கும். லோடு எங்கே வருதோ அங்கே எலும்பு தன்னை பலப்படுத்திக்கும்னு 1892-லேயே ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் எழுதினார். டென்னிஸ் வீரர்களின் ராக்கெட் பிடிக்கும் கையில் எலும்பு மறுகையைவிடத் தடிமனா இருக்கும். அதிகமா வேலை செஞ்ச கை தேயல, வளர்ந்திருக்கு.

எதிர்ப்பக்கம் பாருங்க. முதுகெலும்புக்கு லோடே இல்லாத இடம் விண்வெளி. ஓய்வுதான் மருந்துன்னா விண்வெளி வீரர்களுக்கு உலகத்துலேயே நல்ல முதுகு இருக்கணும். நடக்கறது தலைகீழ். அங்கே போனதும் உயரம் சில சென்டிமீட்டர் கூடுது, பலருக்கு முதுகுவலி வருது, முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் என்ற தசை சுருங்குது.

அந்தத் தசையைப் பத்தி பூமியிலயும் ஒரு தகவல் உண்டு. முதல் தடவை முதுகுவலி வந்து குணமானவர்களை 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தார்கள். வலி போன பிறகும் சுருங்கின மல்டிஃபிடஸ் தானா பழைய நிலைக்கு வரல. பயிற்சி கொடுத்தவங்களுக்குத்தான் சீக்கிரம் திரும்ப வந்துச்சு.

ஆக, உயிருள்ள பொருளுக்கு டிசைன் விதி வேற. லோடு ஜீரோ ஆனாலும் கெடும், திடீர்னு எக்கச்சக்கமா ஏறினாலும் கெடும். நடுவுல, கொஞ்சம் கொஞ்சமா ஏறினா அது பலமாகும்.

அப்போ என்னதான் செய்யறது?

ஆக்சிலரோமீட்டர் கட்டி அளந்த ஆய்வுகள்ல ஒரு எதிர்பாராத விஷயம் வந்துச்சு. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களின் மொத்த உடலசைவு மற்றவர்களைவிட எப்பவும் குறைவா இருக்கறதில்ல. வித்தியாசம் அது நாளில் பரவியிருக்கிற விதத்துல. நல்லா இருக்கிற நாள்ல சேர்த்து வெச்ச துணியெல்லாம் துவைச்சு, ரூம் கழுவி, மார்க்கெட் போயிட்டு வர்றது. அடுத்த ரெண்டு நாள் படுக்கை. மறுபடி வலி குறைஞ்சதும் அதே கதை. கிராஃப் போட்டா ஸ்கொயர் வேவ் மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது மெதுவா ஏறுற ராம்ப்.

அதுக்கு பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லித் தர்ற ஒரு வழி, படிப்படியா:

1. ஒரு செயலை எடுத்துக்கோங்க. நடைதான் சுலபம். மூணு நாள், வலி கூடறதுக்கு முன்னாடி எத்தனை நிமிடம் முடியுதுன்னு குறிங்க. என் நண்பனுக்கு 14, 10, 12 வந்துச்சு. சராசரி 12.

2. அதைவிடக் கொஞ்சம் குறைவா, சுமார் 80 சதவீதத்துல ஆரம்பிங்க. அவனுக்கு 10 நிமிடம். ஹாஸ்டல்ல இருந்து மெயின் கேட் போய் வர்ற தூரம்.

3. தினமும் அதே அளவு. நல்லா இருக்கிற நாள்லயும் 10, மந்தமா இருக்கிற நாள்லயும் 10. "இன்னிக்கு சூப்பரா இருக்கு, அரை மணி நேரம் போறேன்"ங்கிறதுதான் பழைய ஸ்கொயர் வேவ். எப்போ நிறுத்தணும்னு கடிகாரம் சொல்லட்டும், வலி சொல்ல வேணாம்.

4. வாரம் ஒரு முறை ஒண்ணு ரெண்டு நிமிடம் கூட்டுங்க.

5. நடக்கும்போது வலி கொஞ்சம் கூடி, அடுத்த நாள் காலையில பழைய அளவுக்கு வந்துட்டா பயப்பட வேண்டாம். ஒரு நாளுக்கு மேல தங்கினா ஒரு படி கீழே இறங்குங்க. முழுசா நிறுத்தாதீங்க.

நடையால உண்மையிலேயே பலன் உண்டா? 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய சோதனை ஒன்றில், சமீபத்தில் முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு, வாரம் ஐந்து நாள் அரை மணி நேர நடை என்கிற இலக்கை நோக்கிப் படிப்படியான திட்டம். இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. வலி திரும்ப வர நடைக் குழுவுக்கு எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 208 நாள். மற்ற குழுவுக்கு 112 நாள். ஷூ தவிர வேற செலவு இல்ல.

நாள்பட்ட வலிக்குப் பயிற்சி பற்றி 2021-இல் காக்ரேன் தொகுப்பாய்வு 249 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. எதுவும் செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால், 100 புள்ளி அளவில் வலி சராசரியாக 15 புள்ளி குறைந்தது. மாயாஜாலம் இல்ல, ஆனா நிஜமான குறைவு. நீச்சல், யோகா, எடை தூக்குறது, நடை, எது பிடிக்குதோ அதைச் செய்யலாம். ஆறு மாசம் விடாம செய்யக்கூடியது எதுவோ அதுதான் உங்களுக்குச் சிறந்தது.

பெல்ட்? 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சித் திட்டமும், வலியைப் புரிந்துகொள்ள உதவும் விளக்கமும் பரிந்துரைப் பட்டியலில் இருக்கு. இடுப்பு பெல்ட்டும், இழுத்துக் கட்டும் டிராக்ஷனும் வழக்கமா கொடுக்க வேண்டாம் என்கிற பட்டியல்ல இருக்கு.

அசையா நேரத்தைக் குறைக்கறது இன்னும் சுலபம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்தா போதும், பயிற்சி பண்ணணும்னு இல்ல. பெரிய பாட்டில் வேணாம், சின்ன பாட்டில் வெச்சுக்கோங்க, நிரப்பவாவது எழுந்து போவீங்க. போன் வந்தா நடந்துக்கிட்டே பேசுங்க. கோட் கம்பைல் ஆகற நேரம், சிமுலேஷன் ஓடற நேரம் எல்லாம் நிக்கற நேரம். ஒரு மாடிக்கு லிஃப்ட் வேணாம். ஹாஸ்டல்ல தரையில உட்கார்ந்து படிங்க. தரையில உட்கார்ந்து எழுறதே ஒரு நல்ல பயிற்சி.

எப்போ உடனே டாக்டர்கிட்ட போகணும்?

மேல சொன்னதெல்லாம் பெரும்பான்மையான முதுகுவலிக்குப் பொருந்தும். கீழே உள்ளதுல ஒண்ணு இருந்தாலும் கட்டுரையை மூடிட்டு மருத்துவரைப் பாருங்க:

- சிறுநீர், மலம் கட்டுப்பாடு போறது, அல்லது தொடையிடுக்கு, பிறப்புறுப்பைச் சுத்தி மரத்துப்போறது. இது அவசரம். அன்னிக்கே போகணும்.
- காலில் பலம் குறைஞ்சுக்கிட்டே போறது.
- விபத்து, உயரத்துல இருந்து விழுந்த பிறகு வந்த வலி.
- காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி புற்றுநோய் இருந்தது.

நம்ம வயசுக்காரங்க முக்கியமா கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. காலையில எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல முதுகு விறைப்பா இருக்கு, ராத்திரி வலி எழுப்புது, ஓய்வெடுத்தா குறையல, நடந்தா குறையுது, மூணு மாசத்துக்கு மேல இருக்குன்னா, அது அழற்சி வகை முதுகுவலியா இருக்கலாம். அதுக்கு வாத நோய் நிபுணரைப் பார்க்கணும், தனி மருந்து உண்டு.

பக்கத்துல இருக்கிறவங்க சொல்ற வார்த்தை

1997-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஒரு வேலை பண்ணுச்சு. முதுகுவலிக்குப் படுக்காதீங்க, அசைஞ்சுக்கிட்டே இருங்க, வேலைக்குப் போங்கன்னு டிவி விளம்பரம் ஓட்டினாங்க. விளம்பரம் ஓடாத பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. விக்டோரியாவில் மக்களோட நம்பிக்கையும் மாறுச்சு, டாக்டர்களோட நம்பிக்கையும் மாறுச்சு. முதுகுவலிக்கான பணியிட இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைஞ்சுது. சரியான ஒரு தகவல் நிறைய பேர் காதுல விழுந்ததோட பலன் இது.

நம்மகிட்ட டிவி விளம்பரம் இல்ல, ஆனா வாய் இருக்கு. அம்மா முதுகைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா "நீ சும்மா படும்மா, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்"னு சொல்றது பாசம்தான். அதோட நிறுத்தாம, "வாம்மா, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்"னு கூப்பிடுங்க. வெயிட் தூக்கற வேலையை நீங்க பகிர்ந்துக்கோங்க, அசையறதை மட்டும் அவங்ககிட்ட இருந்து பிடுங்கிடாதீங்க. நண்பன் "எனக்குத் தேய்மானம்டா"ன்னு சொன்னா, அந்த 37 சதவீதத்தை எடுத்துச் சொல்லுங்க. வலியைக் கிண்டல் மட்டும் பண்ணாதீங்க. "எல்லாம் மனப்பிரமை"ன்னு சொல்றதும் "முதுகு போச்சு"ன்னு சொல்றதும் ஒரே அளவு கெடுதல்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுந்ததுல இருந்து தூங்கப் போற வரைக்கும் உட்கார்ந்த நேரத்தை நோட் பண்ணுங்க. மேல நான் போட்ட பதிமூணு மணி நேரக் கணக்கோட ஒப்பிடுங்க. கிளாஸ் ரெப்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொடர்ந்து ரெண்டு பீரியட் தியரி இருந்தா, நடுவுல ரெண்டு நிமிடம் எழுந்து நிக்க ஆசிரியர்கிட்ட அனுமதி கேளுங்க. கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. நாள் முழுக்க நின்னுக்கிட்டே பாடம் நடத்தறவங்களுக்கும் ரெண்டு நிமிடம் உட்காரத் தேவைப்படும்.